பார்டர்லைன்தான், பயப்படாதீங்க

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மகள் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். வெறும் வயிற்றில் சர்க்கரை 109. எச்பிஏ1சி 5.9. கீழே, "பார்டர்லைன்தானாம்ப்பா, பயப்படாதீங்க" என்று எழுதி, ஒரு சிரிக்கும் பொம்மையும் போட்டிருந்தாள்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தேன். 21 வருடங்களுக்கு முன் இதே வாக்கியத்தை நான் என் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நாங்கள் இரண்டு பேர். அண்ணன் எனக்கு ஆறு வயது மூத்தவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி அப்பா அவரை மில் வேலைக்கு அனுப்பிவிட்டார். ஒரு பிள்ளையாவது பிரெஞ்சு படித்து சர்க்கார் உத்தியோகம் பார்க்கட்டும் என்று என்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். என் புத்தகத்துக்கும் நோட்டுக்கும் அண்ணன் சம்பளத்திலிருந்துதான் பணம் போனது. நான் பிரெவே பாஸ் செய்தேன். பிறகு ஆங்கிலமும் டைப்பிங்கும் கற்றுக்கொண்டு, 1972-ல் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 2010-ல் ஓய்வு பெற்றேன். அந்தக் காலத்திலிருந்தே வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், கரண்ட் பில்லோ, பத்திரமோ, டாக்டர் சீட்டோ, "தம்பி படிச்சுச் சொல்லட்டும்" என்பதுதான் அண்ணனின் வழக்கம்.

2004-ல் இரண்டு பேரும் சேர்ந்து ரத்தம் கொடுத்தோம். அம்மா சர்க்கரை நோயில் போனவர். அதனால் என் மனைவிதான் பிடித்துத் தள்ளினாள். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. வெறும் வயிற்றில் எனக்கு 114, அண்ணனுக்கு 118. டாக்டர் பார்த்துவிட்டு, "பார்டர்லைன். சாப்பாட்டைக் குறைங்க, நடங்க, ஆறு மாதம் கழித்து மறுபடியும் டெஸ்ட் எடுங்க" என்றார். வெளியே வந்ததும் அண்ணன் என்னைத்தான் கேட்டார், "என்னப்பா சொல்றாரு?" என்று. நான் படித்தவன் அல்லவா? "ஒண்ணுமில்லண்ணே. பார்டர்லைன்தான். பயப்படாதீங்க" என்றேன். அந்த சந்தோஷத்தில் இருவரும் மார்க்கெட் பக்கம் போய் ஆளுக்கு ஒரு காபி சாப்பிட்டோம். சர்க்கரை போட்டுத்தான்.

ஆறு மாதம் வந்தது, போனது. யாரும் டெஸ்ட் எடுக்கவில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதபோது யார் எடுப்பார்கள்? 2009-ல் அண்ணனுக்குச் செருப்பு உரசிக் கால் கட்டைவிரலில் ஒரு புண். வலிக்கவில்லை என்று பதினைந்து நாள் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். வலிக்காததுதான் ஆபத்து என்று எங்களுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 380. முதலில் விரலை எடுத்தார்கள். அடுத்த ஆண்டு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பிறகு சிறுநீரகம். 2015-ல், 71 வயதில் போய்ச் சேர்ந்தார்.

விரலை எடுத்த மறுநாள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோபமே இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார்: "பார்டர்லைன்னு சொன்னியே தம்பி, அது இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

இன்றுவரை அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. அண்ணனுக்குச் சொல்லத் தவறியதை என் மகளுக்கும், என்னைப்போல ஓய்வில் இருக்கிற உங்களுக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு எல்லை ஒன்றும் புதிதல்ல. கடற்கரையோரமாக வடக்கே போனால் கோட்டக்குப்பம் தமிழ்நாடு. அதையும் தாண்டினால் காலாப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. பஸ்ஸில் தூங்குகிறவனுக்கு எங்கே எல்லை வந்தது, எங்கே போனது என்று தெரியாது. சர்க்கரையின் எல்லையும் அப்படித்தான். தாண்டும்போது உடம்பு ஒரு சத்தமும் போடாது. தாகம், அடிக்கடி சிறுநீர், உடம்பு இளைப்பது எல்லாம் வெகுதூரம் போன பிறகு வருகிற அடையாளங்கள். ரத்தம் எடுத்துப் பார்ப்பது ஒன்றுதான் பெயர்ப்பலகை.

அந்தப் பலகையில் உள்ள எண்களை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல் எடுக்கும் ரத்தத்தில் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் சரியான அளவு. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. இதைத்தான் பார்டர்லைன் என்கிறார்கள். 126-ம் அதற்கு மேலும் நீரிழிவு. குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் டெஸ்டில் 140-க்குக் கீழே சரி, 140 முதல் 199 வரை நடுவில், 200 ஆனால் நீரிழிவு. எச்பிஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரிக் கணக்கு. அதில் 5.7-க்குக் கீழே சரி, 5.7 முதல் 6.4 வரை நடுவில், 6.5 முதல் நீரிழிவு. ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் கொஞ்சம் பிசகலாம். அதனால் ஒரே ஒரு காகிதத்தை வைத்து நாமே முடிவு கட்டக்கூடாது. தொந்தரவு ஏதும் இல்லாதவருக்கு டாக்டர்கள் இன்னொரு முறை பார்த்துத்தான் உறுதி செய்வார்கள்.

இந்த நோய் எப்படி வருகிறது என்று டாக்டர் எனக்கு விளக்கினார். நான் அதை ஆபீஸ் பாஷையில் மாற்றி மனதில் வைத்திருக்கிறேன். நாம் சாப்பிடும் சோறும் இட்லியும் ரொட்டியும் குளுக்கோஸாகி ரத்தத்துக்கு வருகின்றன. இவை கோப்புகள். கோப்பை எடுத்துப்போய் ஒவ்வொரு செக்‌ஷனிலும் கொடுக்கும் பியூன்தான் இன்சுலின். வேலை நடக்கிற செக்‌ஷன் வாங்கிக்கொள்ளும். வேலை செய்யாமல் அலமாரி நிரம்பிக் கிடக்கிற செக்‌ஷன், "இங்கே இடமில்லை, போய்யா" என்று திருப்பி அனுப்பும். தொப்பையும் கல்லீரலில் சேரும் கொழுப்பும்தான் அந்த நிரம்பிய அலமாரி. கோப்புகள் வராந்தாவில் குவிகின்றன. அதுதான் ரத்தத்தில் சர்க்கரை. கணையம் இன்னும் இன்னும் பியூன்களை அனுப்புகிறது. பத்துப் பதினைந்து வருடம் இப்படி ஓடி அதுவும் களைத்துவிடுகிறது. அதிலே பெரிய செக்‌ஷன் நம் தசைகள். நடக்கும்போது தசைகள் பியூனுக்குக் காத்திராமல் தாங்களே வராந்தாவுக்கு வந்து கோப்பை எடுத்துக்கொள்கின்றன. நடக்கச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பிரெஞ்சு படித்ததில் எனக்கு ஒரு லாபம், அப்போலினேர் புஷார்தா என்ற பிரெஞ்சு மருத்துவரைப் பற்றிப் படிக்கக் கிடைத்தது. 1870-ல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரத்தை முற்றுகையிட்டபோது ஊரில் உணவுப் பஞ்சம். ரொட்டியே அளந்துதான் கிடைத்தது. ஊரே வாடிய அந்த நாட்களில் அவருடைய நீரிழிவு நோயாளிகள் பலருக்குச் சிறுநீரில் சர்க்கரை இல்லாமல் போனதை அவர் கவனித்தார். இன்சுலின் என்ற ஒன்று இருப்பதே தெரியாத காலம் அது. குறைவாகச் சாப்பிடுங்கள், உடம்பை வேலை வாங்குங்கள் என்பதே அவர் நோயாளிகளுக்குச் சொன்னது. 150 ஆண்டுகளுக்குப் பிறகு என் டாக்டர் சொன்னதும் அதேதான்.

"இதெல்லாம் பரம்பரை சார், நம்ம கையில் என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படிக் கேட்டவன்தான். இதற்குப் பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நடு நிலையில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில், மூன்று ஆண்டுக் கணக்கில், நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்குப் போய்விட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்கு செய்துகொண்டவர்களில் அது நூற்றுக்கு 39. மாத்திரை கொடுத்த குழுவிலும் ஏறக்குறைய அதே அளவு பலன்தான். அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து நடந்த ஆய்வு 2002-ல் வந்தது. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது, இதுதான் இலக்கு. நீரிழிவு வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. நம்மவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அது 71 சதவீதம் குறைந்தது. இனிமேல் என்ன என்று கிழவர்கள் யாரும் சாக்குச் சொல்ல முடியாது.

சென்னையிலேயே டாக்டர் வி. மோகன் குழுவினர் நம் ஜனங்களுக்கென்று ஒரு மதிப்பெண் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ரத்தம் எடுக்காமலே, ஒரு டெய்லர் டேப் இருந்தால் போதும். வயது 35 முதல் 49 என்றால் 20 மதிப்பெண், 50-க்கு மேல் 30. வயிற்றுச் சுற்றளவு ஆணுக்கு 90 முதல் 99 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 முதல் 89 என்றால் 10. அதற்கும் மேலே 20. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சியும் இல்லை என்றால் 30. தாய் தகப்பனில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் 10, இருவருக்கும் இருந்தால் 20. கூட்டி வருவது 60-ஐத் தொட்டால் ஆபத்து அதிகம், உடனே ரத்தம் பாருங்கள் என்று அர்த்தம். நான் 2009-ல் இருந்த நிலைக்குக் கூட்டிப் பார்த்தேன். வயதுக்கு 30, இடுப்பு 98-க்கு 10, நாற்காலிக்கு 30, அம்மாவுக்கு 10. மொத்தம் 80. பள்ளிக்கூடத்தில் 80 வாங்கியிருந்தால் அப்பா சந்தோஷப்பட்டிருப்பார்.

இதில் வயதையும் அம்மாவையும் மாற்ற முடியாது. இடுப்பையும் நாற்காலியையும் மாற்றலாம். அண்ணன் விரலை எடுத்த வாரமே நான் ரத்தம் கொடுத்தேன். வெறும் வயிற்றில் 121, எச்பிஏ1சி 6.2. எடை 76 கிலோ. டாக்டர் ஐந்து கிலோ குறைக்கச் சொன்னார்.

நான் செய்தது பெரிய சாதனை ஒன்றும் இல்லை. முதலில் காபி. ஒரு நாளைக்கு நாலு டம்ளர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன். கணக்குப் போட்டுப் பார்த்தால் காபியில் மட்டும் மாதம் ஒரு கிலோவுக்கு மேல் சர்க்கரை சாப்பிட்டிருக்கிறேன். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தேன். இரண்டு மாதத்தில் சர்க்கரை இல்லாத காபி பழகிவிட்டது. இப்போது யாராவது சர்க்கரை போட்டுக் கொடுத்தால் பாயசம் மாதிரி இருக்கிறது.

அடுத்தது சோறு. சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டவன் நான். என் மனைவி பெரிய தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சின்னத் தட்டில் பாதிக்குக் கீரையும் பொரியலும் வைத்தாள். கால் பங்கு பருப்போ சுண்டலோ மீனோ முட்டையோ. மீதிக் கால் பங்கில்தான் சோறு. "இதென்னடி, கோயில் பிரசாதம் மாதிரி" என்று முதல் வாரம் சண்டை போட்டேன். "ஆஸ்பத்திரிச் சோறு சாப்பிடறதுக்கு இது மேல்ங்க" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை. காய்கறியை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் பசியும் பாதி அடங்கிவிடுகிறது.

ரொட்டி விஷயத்தில்தான் மனசு கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்து மாலை நேரத்தில் நீள ரொட்டியைப் பிய்த்துக் காபியில் தோய்த்துச் சாப்பிடுவது எங்கள் ஊர்ச் சுகம். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், ஒரு துண்டு என்று ஒதுக்கினேன். மற்ற நாட்களில் வேர்க்கடலையோ சுண்டலோ. பழம் சாப்பிடுகிறேன், கொய்யாவோ ஆரஞ்சோ, ஆனால் ஜூஸ் கிடையாது. இன்னொன்று சொல்ல வேண்டும். வெல்லம், பனங்கற்கண்டு, தேன், நாட்டுச் சர்க்கரை எல்லாம் நல்லதுதானே என்று நினைக்கிறோம். பெயர்தான் வேறு, ரத்தத்துக்குப் போனால் எல்லாம் சர்க்கரைதான். கேழ்வரகும் கம்பும் நார்ச்சத்து உள்ளவை, நல்லவை. ஆனால் கூழ் என்று மூன்று சொம்பு குடித்தால் அதுவும் மாவுச்சத்துதான்.

மூன்றாவது நடை. கடற்கரைச் சாலையில் காலை 7.30 மணி வரை வண்டிகள் விடுவதில்லை. ஐந்தரைக்குப் போய்விடுவேன். முதல் நாள் காந்தி சிலையிலிருந்து பழைய துறைமுகப் பக்கம் போவதற்குள் மூச்சு வாங்கியது. இப்போது அரை மணி நேரம், வாரத்தில் ஆறு நாள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் மாடியிலோ தெருவிலோ நடக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுகிற சர்க்கரையை அது பிடித்து வைக்கிறது. வயதானால் தசை கரைகிறது, தசை கரைந்தால் சர்க்கரை போக இடமில்லை. அதனால் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைப் பத்து முறை செய்கிறேன். முழங்கால் வலி உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு வருடத்தில் 76 கிலோ 70 ஆனது. 16 ஆண்டுகளாக என் எச்பிஏ1சி 5.8-க்கும் 6.1-க்கும் நடுவில்தான் நிற்கிறது. நான் எல்லையை விட்டு ரொம்ப தூரம் பின்னால் வந்துவிடவில்லை. ஆனால் தாண்டவில்லை. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் திக்தே சொல்லும்போது ஒரு தப்புக்கும் விடமாட்டார், மார்க் போய்விடும். உடம்பு அவ்வளவு கண்டிப்பு இல்லை. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டிருக்கிறேன், பேரன் பிறந்தநாளுக்குக் கேக் சாப்பிட்டிருக்கிறேன். மறுநாள் பழைய ஒழுங்குக்குத் திரும்பினால் அது பொறுத்துக்கொள்கிறது.

எழுபதைத் தாண்டியவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டினி கிடக்க வேண்டாம். நம் வயதில் பருப்பும் முட்டையும் பாலும் குறையக் கூடாது. முயற்சி செய்யாமலே எடை குறைந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். ஏற்கெனவே மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் அவர்களாக எதையும் மாற்றக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவதும் கூடாது. புகை பிடிப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வைப் பேப்பரில் பார்த்தேன். மாநில வாரியாகப் பட்டியல். நீரிழிவில் கோவா முதலிடம், 26.4 சதவீதம். அடுத்தது நம் புதுச்சேரி, 26.3. பெரியவர்களில் நாலு பேருக்கு ஒருவர். நாடு முழுவதும் நீரிழிவுக்காரர்கள் 10 கோடி, பார்டர்லைனில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். அத்தனை பேரிடமும் யாரோ ஒருவர் "பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அன்று மகளுக்குப் போன் செய்தேன். "பிள்ளைங்க, ஸ்கூல் வேலை, எனக்கு எங்கப்பா நேரம்?" என்றாள். அவளுக்கு 44 வயது. இரண்டாவது பிரசவத்தின்போது அவளுக்குச் சர்க்கரை ஏறி, குழந்தை பிறந்ததும் இறங்கிவிட்டது. அப்படி வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம், விடாமல் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. படித்தவன்.

பெரியப்பா சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள் அவள். அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்ட கேள்வியை அன்றுதான் முதல் தடவையாக அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "லைன்ல இருக்கியாம்மா?" என்று கேட்டேன். "இருக்கேன்ப்பா. நான் எந்தப் பக்கம்?" என்றாள்.

"இன்னும் இந்தப் பக்கம்தான். அங்கேயே இரு" என்றேன்.

ஆபீஸில் பதில் வராத கோப்புக்குத் தேதி போட்டு ரிமைண்டர் அனுப்புவது என் வேலை. 38 வருடம் அதைச் செய்தவன், அண்ணனுடைய ஆறு மாதத்துக்கு ஒரு ரிமைண்டர் போடவில்லை. இந்தத் தடவை சமையலறைக் காலண்டரில் அவளுடைய ஆறாவது மாதத்துத் தேதியைச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். அன்று நானே அவளை லேபுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் கடற்கரைக்கு வருகிறாள். முணுமுணுத்துக்கொண்டேதான் வருகிறாள். போன வாரம் என்னைவிட முன்னால் நடந்து போய், சிலைக்குப் பக்கத்தில் நின்று எனக்காகக் காத்திருந்தாள்.